வெற்றி மேடையில் யார் நிற்பது? நேச நாடுகளும் அணிவகுப்பு அரசியலும்

ஒரு போரில் தோளோடு தோள் நின்ற நாடுகள் பிற்காலத்தில் எதிரெதிர் முகாம்களுக்குப் போய்விட்டால், அந்தப் போரின் வெற்றி நாளை ஒன்றாகக் கொண்டாடுவது முறையா? அழைப்பு வந்தால் போக வேண்டுமா? 2025இல் இந்தக் கேள்வி நான்கு மாத இடைவெளியில் இரண்டு முறை எழுந்தது. நாஜி ஜெர்மனி வீழ்ந்ததன் 80ஆம் ஆண்டு அணிவகுப்பு மே 9 அன்று மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் நடந்தது. ஜப்பான் வீழ்ந்ததன் 80ஆம் ஆண்டு அணிவகுப்பு செப்டம்பர் 3 அன்று பெய்ஜிங்கில் நடந்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் ஒன்றியம், சீனா நான்கும் ஒரே அணி. ஆனால் இந்த இரண்டு மேடைகளிலும் அமெரிக்க அதிபரும் இல்லை, பிரிட்டிஷ் பிரதமரும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சித் தலைவர்களில் இரண்டுக்கும் போனவர் ஸ்லோவாக்கியப் பிரதமர் ராபர்ட் ஃபிட்சோ மட்டுமே. மாஸ்கோ சென்ற அவரது விமானத்துக்கு பால்டிக் நாடுகள் வான்வழியைத் திறக்க மறுத்தன.

போனது சரி, தவறு என்று அப்போது நடந்த வாதங்களில் பெரும்பாலானவை பழையவை. 1945 கோடையிலிருந்தே அரசுகளும் படைத்தளபதிகளும் வரலாற்றாசிரியர்களும் இதற்குப் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் வலுவிழக்கின்றன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது. நாடுகளுக்கிடையிலான போர்கள் மட்டுமே இங்கே பேசப்படுகின்றன. சொந்தக் குடிமக்களை எதிர்த்து நடந்த உள்நாட்டுப் போரின் வெற்றி விழாக்கள் வேறு அளவுகோல்களைக் கேட்பவை. அவற்றை இதோடு சேர்த்துப் பேசினால் இரண்டுக்கும் நியாயம் செய்ய முடியாது.

முதல் ஆண்டிலேயே மூன்று விரிசல்கள்

1945 ஜூன் 24இல் மாஸ்கோவில் நடந்த வெற்றி அணிவகுப்பு ஏறக்குறைய முழுக்க சோவியத் நிகழ்ச்சி. கொட்டும் மழையில் மார்ஷல் ஜுக்கோவ் வெள்ளைக் குதிரையில் வந்து படைகளைப் பார்வையிட்டார். கைப்பற்றிய ஜெர்மன் கொடிகள் இருநூறு லெனின் சமாதியின் அடிவாரத்தில் வீசி எறியப்பட்டன. அந்த நினைவு அழியும் முன்பே, ஆகஸ்ட் 12 அன்று, அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவர் அதே சமாதியின் மேடையில் ஸ்டாலின் பக்கத்தில் பல மணி நேரம் நின்று உடற்பயிற்சி விழா அணிவகுப்பைப் பார்த்தார். ஓர் அமெரிக்கத் தளபதிக்குக் கிடைத்த மிக அரிய மரியாதை அது. தோழமையின் உச்சம் என்று அந்த நாளைச் சொல்லலாம்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 7 அன்று பெர்லினில் நான்கு நாட்டுப் படைகளும் சேர்ந்து அணிவகுத்தன. மேடையில் ஜுக்கோவ் இருந்தார். ஐசன்ஹோவரும் பிரிட்டனின் மாண்ட்கோமரியும் வரவில்லை. முதலில் ஒத்துக்கொண்டவர்கள் கடைசி நேரத்தில் ஆளனுப்பிவிட்டார்கள் என்று ஜுக்கோவ் தம் நினைவுக்குறிப்பில் எழுதினார். அமெரிக்கா சார்பில் பேட்டன் நின்றார். பிரிட்டனும் பிரான்சும் வேறு தளபதிகளை அனுப்பின. மேற்கத்திய டாங்கிகளும் கவச வண்டிகளும் கடந்துபோன பிறகு, வெளியார் யாரும் அதுவரை பார்த்திராத ஐ.எஸ்.-3 என்ற புதுக் கனரக டாங்கிகள் ஐம்பதுக்கும் மேல் வரிசையாக உருண்டு வந்தன. ஜெர்மனியைத் தோற்கடித்த சண்டைகளில் அந்த டாங்கிக்குப் பங்கில்லை. அடுத்த சண்டை வந்தால் என்ன இருக்கிறது என்பதைக் காட்டவே அது வந்தது, அதைப் பார்க்க வேண்டியவர்கள் மேடையில் இருந்தார்கள். வெற்றி அணிவகுப்பு கடந்த போரை நினைவுகூர்வதற்காகவா, அடுத்த போரை எச்சரிப்பதற்காகவா என்ற சந்தேகம் அன்று பெர்லின் வீதியில் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டாவது விரிசல் லண்டனில். 1946 ஜூன் 8இல் நடந்த பெரும் வெற்றி அணிவகுப்புக்கு சோவியத் ஒன்றியமும் யூகோஸ்லாவியாவும் வரவில்லை. போலந்தின் கதை அதைவிடக் கசப்பானது. பிரிட்டிஷ் தலைமையின்கீழ் வானிலும் கடலிலும் இத்தாலிய மலைகளிலும் போரிட்டவர்கள் போலந்துப் படையினர். ஆனால் 1945 ஜூலையில் லண்டனிலிருந்த போலந்து அரசுக்கு பிரிட்டன் தந்திருந்த அங்கீகாரம் பறிக்கப்பட்டது, வார்சாவில் சோவியத் ஆதரவோடு அமைந்த அரசே போலந்து என்று ஆனது. அணிவகுப்பு அழைப்பும் வார்சாவுக்கே போயிற்று. வார்சா ஆளனுப்பவில்லை. பிரிட்டிஷ் விமானப்படையோடு சேர்ந்து நடக்கும்படி போலந்து விமானிகள் சிலருக்கு மட்டும் தனி அழைப்பு வந்தது. மற்றப் படைப்பிரிவுகளில் போரிட்ட தோழர்களை விட்டுவிட்டு நடக்க மாட்டோம் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். போரிட்டது ஒருவர், நாட்டின் பெயரால் அழைப்பைப் பெறுவது வேறொருவர் என்ற முடிச்சு இங்கேதான் விழுந்தது.

மூன்றாவது தில்லியில். அதே 1946இன் மார்ச் 7 அன்று பிரிட்டிஷ் அரசு தில்லியில் வெற்றி அணிவகுப்பு நடத்தியது. போரில் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் சேர்ந்திருந்தார்கள், 87,000 பேர்வரை மாண்டிருந்தார்கள். கொண்டாட்டத்தைப் புறக்கணிக்கும்படி காங்கிரஸ் கேட்டுக்கொண்டது. இந்திய தேசிய ராணுவத்தினர் மீதான செங்கோட்டை வழக்கும், பிப்ரவரியில் வெடித்த கடற்படைக் கிளர்ச்சியும் மக்கள் மனத்தில் புதிதாக இருந்த நேரம். ஊரில் கலவரம் மூண்டது, டவுன் ஹாலுக்குத் தீ வைக்கப்பட்டது. வென்ற அணியில் இருந்தும் அந்த வெற்றி தன்னுடையதல்ல என்று ஒரு மக்கள் கூட்டம் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிற்காலத்தில் எழுந்த எதிர்ப்புகள் பெரும்பாலும் இந்த மூன்றின் மறுபிறவிகளே: ஆயுதக் காட்சி, பிரதிநிதித்துவம், உரிமை கொண்டாடாத வெற்றி.

இறந்தவர்களுக்குப் பட்ட கடன்

போக வேண்டும் என்பவர்களின் முதன்மையான வாதம் கடன். சோவியத் ஒன்றியம் அந்தப் போரில் சுமார் 2.7 கோடி உயிர்களை இழந்தது. ஜெர்மன் படையின் பெரும் பகுதி கிழக்கு முனையில்தான் அழிந்தது. நார்மண்டியில் தரையிறங்கிய அமெரிக்க, பிரிட்டிஷ் வீரர்கள் உயிரோடு கரையேற முடிந்ததற்கு ஸ்டாலின்கிராடும் குர்ஸ்கும் ஒரு காரணம். இன்றைய கிரெம்ளினில் யார் உட்கார்ந்திருந்தாலும் அந்த உண்மை மாறாது. ஆகவே போவது அரசுக்குத் தரும் மரியாதை அல்ல, மாண்டவர்களுக்குச் செய்யும் கடமை என்பது இவர்கள் நிலை.

இந்த வாதத்தின் அறவலிமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதை மறுக்கும் பலர் அந்த எண்ணிக்கையை மனத்தில் ஏற்றிப் பார்ப்பதே இல்லை. ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் உண்டு.

முதலாவது, கடன் யாருக்கு என்பது. மாண்டவர்கள் சோவியத் குடிமக்கள். அவர்களில் லட்சக்கணக்கில் உக்ரைனியர், பெலாரூசியர், காக்கேசியர், மத்திய ஆசிய மக்கள். பெலாரூஸ் தன் மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கை இழந்ததாகக் கணக்கிடப்படுகிறது. சோவியத் இழப்பையெல்லாம் ரஷ்ய இழப்பாக எழுதுவது தவறு என்று திமோதி ஸ்னைடர் போன்ற வரலாற்றாசிரியர்கள் தொடர்ந்து சொல்லி வந்திருக்கிறார்கள். 2022க்குப் பிறகு இது ஏட்டு வாதமாக இல்லை. அந்தப் படையில் தாத்தாக்கள் ஒன்றாகப் போரிட்ட இரண்டு நாடுகள் இன்று ஒன்றையொன்று சுடுகின்றன. மாஸ்கோவில் மட்டும் செலுத்தப்படும் கடன் கீவில் செலுத்த வேண்டிய பங்கை அப்படியே விட்டுவிடுகிறது. 2023இல் உக்ரைன் மே 9ஐ விட்டு மே 8க்குத் தன் நினைவு நாளை மாற்றிக்கொண்டதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

இரண்டாவது ஓட்டை குறைவாகப் பேசப்படுவது. வெளிநாட்டுத் தலைவர்கள் மே 9 அணிவகுப்புக்குக் கூட்டமாகப் போவது தொன்றுதொட்டு வந்த வழக்கமே அல்ல. 1947 இறுதியில் ஸ்டாலின் அரசு மே 9 விடுமுறையையே ரத்து செய்தது. 1965இல் பிரெஷ்னெவ்தான் அதை மீட்டார். சோவியத் காலத்தில் செஞ்சதுக்கத்தில் மே 9 அன்று ராணுவ அணிவகுப்பு நடந்தது 1965, 1985, 1990 ஆகிய மூன்று ஆண்டுகளில் மட்டுமே. 1995க்குப் பிறகுதான் அது ஆண்டுதோறும் வந்தது. போர் நினைவு என்னும் வழிபாடு சோவியத் அரசால் படிப்படியாகக் கட்டப்பட்டதை நினா டுமார்க்கின் 1994இல் வெளிவந்த நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஐம்பதாண்டுக் காலம் மேற்கத்தியத் தலைவர்கள் அந்த மேடையில் நிற்காததால் கடன் தீரவில்லை என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. கடன் உண்மை. அதைத் தீர்க்கும் இடம் அணிவகுப்பு மேடைதான் என்பது முப்பது ஆண்டுப் பழக்கம்.

கடந்த போரும் நடக்கும் போரும்

போகக் கூடாது என்பவர்கள் பெர்லின் டாங்கிகளிலிருந்து தொடங்குகிறார்கள். ராணுவ அணிவகுப்பில் நடப்பது இறந்த படை அல்ல, இருக்கிற படை. மேடையில் நிற்பவர் மரியாதையை ஏற்றுக்கொள்வது இன்றைய சிப்பாயிடமிருந்து. அந்தச் சிப்பாய் நேற்று எங்கே சண்டையிட்டான் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. சோவியத் சிதைவுக்குப் பிறகு காணாமற்போன கனரக ஆயுதங்கள் 2008இல் செஞ்சதுக்கத்துக்குத் திரும்பின. அந்த ஆகஸ்டிலேயே ஜார்ஜியப் போர் நடந்தது. 2025 அணிவகுப்பில் உக்ரைன் போரில் சண்டையிட்டவர்கள் தனிப் பிரிவாக நடந்தார்கள். அதற்குப் பிறகு அது 1945ஐ மட்டும் நினைவுகூரும் நிகழ்ச்சி என்று சொல்வது கடினம்.

வடிவத்தைப் பற்றிய இந்த வாதம் எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. ஆனால் அது செயல்பட்ட விதம் சீரானது அல்ல. 1995இல் செச்னியாவில் குரோஸ்னி நகரம் இடிந்து கிடந்தது. ஆனாலும் கிளின்டன், மேஜர், மித்தரான், கோல் எல்லாரும் மாஸ்கோ போனார்கள். 2005இலும் செச்னியப் போர் முற்றிலும் ஓய்ந்திருக்கவில்லை. புஷ், சிராக், ஷ்ரோடர், கொய்சுமி, ஹு ஜின்டாவ், மன்மோகன் சிங் ஆகியோர் ஒரே வரிசையில் நின்றார்கள். மறுபுறம், 2003இல் இராக் மீது படையெடுத்த அமெரிக்காவும் பிரிட்டனும் மறு ஆண்டு நார்மண்டி விழாவில் பங்கேற்றபோது, அவர்களோடு நிற்க மாட்டோம் என்று எந்த நாடும் பெரிதாகக் குரல் எழுப்பவில்லை. போரில் இருக்கும் அரசின் மேடையில் நிற்பதில்லை என்பது கொள்கையானால், அது 2014க்கு முன் ஏறக்குறைய உறக்கத்தில் இருந்தது. ஐரோப்பிய எல்லையொன்று மாறியபோதுதான் விழித்தது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் இதைச் சுட்டிக்காட்டும்போது மேற்கத்திய எழுத்தாளர்கள் தரும் மறுமொழிகள் திருப்தியாக இல்லை. ஒரு கொள்கை தாமதமாகக் கடைப்பிடிக்கப்பட்டது என்பதால் அது தவறாகிவிடாது என்பது மட்டுமே அவற்றில் தேறுகிறது.

கல்லறைக்குப் போவது, மேடைக்குப் போகாதது

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி மெல்ல உருவானது. இந்தக் கேள்வியின் வரலாற்றில் மிகவும் கூர்ந்து பார்க்கத் தக்க பகுதி இதுவே.

1995இல் ரஷ்யா இரண்டு அணிவகுப்புகளை நடத்தியது. செஞ்சதுக்கத்தில் முதிய போர்வீரர்கள் பதக்கங்களோடு நடந்தார்கள். நகரின் மேற்கே போக்லோன்னயா குன்றருகே டாங்கிகளும் படைகளும் நடந்தன. மேற்கத்தியத் தலைவர்கள் முதலாவதுக்கு வந்தார்கள், இரண்டாவதைத் தவிர்த்தார்கள். செச்னியாவில் போரிட்டுக்கொண்டிருந்த படைக்கு வணக்கம் செலுத்தாமல் குர்ஸ்கில் போரிட்ட கிழவர்களுக்குச் செலுத்த முடிந்தது. விருந்தளித்தவரும் விருந்தினரும் சேர்ந்து வடிவமைத்த ஏற்பாடு அது.

2015இல் அந்த ஒத்துழைப்பு இல்லை. கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டு ஓராண்டு ஆகியிருந்தது. மேற்கத்தியத் தலைவர்கள் மே 9ஐப் புறக்கணித்தார்கள், புதின் பக்கத்தில் ஷி ஜின்பிங் அமர்ந்தார். பிரிட்டன் அரசுத் தலைவர் எவரையும் அனுப்பாமல் சர்ச்சிலின் பேரனான நிக்கோலஸ் சோம்ஸை அனுப்பியது. அரசின் பதவியை விலக்கிவைத்து, போரின் குடும்ப நினைவை மட்டும் அனுப்பிய தேர்வு அது. ஜெர்மன் சான்சலர் மெர்க்கல் அணிவகுப்புக்கு வரவில்லை, மறுநாள் வந்தார். கிரெம்ளின் சுவரோரம் பெயர் தெரியாப் போர்வீரர் கல்லறையில் புதினோடு சேர்ந்து மலர்வளையம் வைத்தார். பிறகு, அதே நாளில், புதின் பக்கத்தில் நின்றபடியே செய்தியாளர்கள் முன் கிரிமிய இணைப்பைக் குற்றச் செயல் என்றார். போரைத் தொடங்கி அந்தக் கல்லறைகளைப் பெருக்கிய நாட்டின் தலைவர், கடனை ஒப்புக்கொண்டு, கண்டனத்தையும் கைவிடாமல் இரண்டையும் ஒரே நாளில் செய்தார். இந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்த பதில்களில் மிகவும் யோசித்துச் செய்த பதில் அதுதான் என்பது என் மதிப்பீடு.

ஆனாலும் இந்த வழி எங்கும் எடுபடாது. அழைப்பவர் பிரித்துக் கொடுக்க மறுத்தால், அல்லது மலர்வளையப் படத்தையும் டாங்கிப் படத்தையும் ஒரே செய்தித் துணுக்கில் ஒட்டிவிட்டால், பிரிவினை பார்வையாளனுக்குத் தெரிவதே இல்லை. முழு அளவிலான போர் நடக்கும்போது மறுநாள் வருவதும்கூட அரசியல் வரவாகிவிடுகிறது. 2022க்குப் பிறகு மெர்க்கலின் வழியை எந்தப் பெரிய மேற்கத்தியத் தலைவரும் பின்பற்றவில்லை.

விடுதலை வராத நாடுகள்

பால்டிக் நாடுகளுக்கும் போலந்துக்கும் கேள்வியே வேறு. மே 9 அவர்களுக்கு எந்தப் போரின் முடிவு என்பதே அவர்கள் கேட்பது. 1939 ஆகஸ்டில் ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் செய்தார்கள். செப்டம்பரில் இருவரும் போலந்தைப் பங்கிட்டார்கள். செப்டம்பர் 22 அன்று பிரெஸ்ட் நகரில் ஜெர்மன் தளபதி குடேரியனும் சோவியத் தளபதி கிரிவோஷெய்னும் பக்கத்தில் பக்கத்தில் நின்று படைகள் கடந்துபோவதைப் பார்த்தார்கள். அது முறையான கூட்டு அணிவகுப்பா, நகரைக் கைமாற்றிய சடங்கு மட்டுமா என்று இன்றும் வாதம் நடக்கிறது. 1940இல் மூன்று பால்டிக் நாடுகளும் சோவியத் ஒன்றியத்தில் இணைக்கப்பட்டன. நாஜிகள் போன பிறகு வந்தது அவர்களுக்கு இன்னோர் ஆக்கிரமிப்பு.

2005இல் மாஸ்கோ அழைத்தபோது எஸ்டோனிய அதிபர் ரூட்டெலும் லிதுவேனிய அதிபர் ஆடம்குஸும் மறுத்தார்கள். லாட்வியாவின் வைரா வீக்கே-ஃபிரைபெர்கா போனார். போவதற்கு முன்னும் பின்னும் தம் நாட்டின் வரலாற்றை உலகறியப் பேசினார். மாஸ்கோ செல்லும் வழியில் புஷ் ரீகாவில் இறங்கி யால்டா உடன்பாட்டைக் குறைகூறினார். ஒரே வரலாறு கொண்ட மூன்று அண்டை நாடுகள் இருவேறு முடிவு எடுத்தன என்பது கவனிக்கத் தக்கது. வரலாறு முடிவைத் தானாகத் தந்துவிடுவதில்லை. போய்ப் பேசுவதா, போகாமல் பேசுவதா என்பது உத்தி சார்ந்தது.

ஐந்தாண்டுக்குப் பிறகு, 2010இல், அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு, போலந்துப் படைப்பிரிவுகள் முதன்முறையாகச் செஞ்சதுக்கத்தில் ரஷ்யப் படையோடு நடந்தன. ஒரு மாதத்துக்கு முன்புதான் ஸ்மோலென்ஸ்க் அருகே விமானம் விழுந்து போலந்து அதிபர் காச்சின்ஸ்கி இறந்திருந்தார். துக்கத்திலும் போலந்துப் படையினர் நடந்தார்கள். 1946இல் லண்டனில் நடக்க முடியாமல் போன ஒரு படையின் வாரிசுகள், மாஸ்கோவில் நடந்தார்கள். அந்த நாள் இன்று திரும்ப வராத காலத்தைச் சேர்ந்ததாகத் தெரிகிறது. அப்போதோ பலர் அதைத் தொடக்கம் என்று நம்பினார்கள்.

பெய்ஜிங்கில் வென்றவர் யார்?

சீனாவின் கேள்வி பிரதிநிதித்துவம். 1945 செப்டம்பர் 9 அன்று நான்ஜிங்கில் ஜப்பானியச் சரணாகதியை ஏற்றவர் தேசியவாத அரசின் தளபதி ஹோ யிங்சின். ஜப்பானோடு நடந்த பெரிய நேரடிச் சண்டைகளில் பெரும்பாலானவற்றை நடத்தியது சியாங் கை-ஷெக்கின் படை. பர்மாவை மீட்கச் சென்ற சீனப் பிரிவுகள் இந்தியாவின் ராம்கரில் பயிற்சி பெற்றன. மக்கள் குடியரசு பிறந்ததே 1949இல்தான். செப்டம்பர் 3ஐ வெற்றி நாளாகப் பெய்ஜிங் சட்டப்படி அறிவித்தது 2014இல், முதல் அணிவகுப்பு 2015இல். போருக்குப் பிந்தைய உலக ஒழுங்கின் நிறுவனர் என்ற இடத்தைக் கோருவதற்குச் சீனா அந்தப் போரை மறுவாசிப்பு செய்வதாக ரானா மிட்டர் 2020இல் வந்த நூலில் வாதிட்டார்.

2015இல் தேசியவாதப் படையின் முதிய வீரர்களும் பெய்ஜிங் வீதியில் வாகனத்தில் வந்தார்கள். தைவானிலிருந்து குவோமிந்தாங் கட்சியின் லியென் சான் போனபோது அவரது கட்சியைச் சேர்ந்த அதிபர் மா யிங்-ஜியூவே அதிருப்தி தெரிவித்தார். தைவானின் ஆட்சேபம் 1946இன் போலந்து ஆட்சேபத்துக்கு நெருங்கிய உறவு: போரிட்டது எங்கள் அரசு, அழைப்பிதழ் அடிப்பது நீங்கள். போலந்து விமானிகள் கேட்டதை நியாயம் என்று ஏற்றுக்கொள்பவர்கள் இதையும் செவிமடுக்க வேண்டும். அதே வேளை, 1937 முதல் எட்டாண்டுகள் கோடிக்கணக்கில் மாண்டவர்கள் பெருநிலச் சீனாவின் கிராமத்து மக்கள். அவர்களை நினைக்கும் உரிமை இன்றைய அரசின் வயதைப் பொறுத்து இல்லாமல் போய்விடாது.

இந்தியாவின் கணக்கு

இந்தியா பெரும்பாலும் அழைப்பை ஏற்று, ஆளின் தரத்தை மாற்றி வந்திருக்கிறது. 2005இல் பிரதமர், 2015இல் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி, 2020இல் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங், 2025இல் பாதுகாப்புத் துறை இணையமைச்சர் சஞ்சய் சேத். இந்த மாற்றங்களுக்கு ஒவ்வொரு முறையும் உடனடிக் காரணங்கள் இருந்தன. 2025 மே மாதத்தில் பாகிஸ்தானோடு மோதல் வெடித்திருந்தது. தூதரக மொழியில் யார் போகிறார் என்பதே செய்தி. போவதா வேண்டாமா என்ற இருகூறான கேள்வியைவிட அரசுகள் நடைமுறையில் இந்தப் படிநிலையைத்தான் அதிகம் பயன்படுத்துகின்றன.

2020 ஜூன் 24 அன்று முப்படையைச் சேர்ந்த 75 இந்திய வீரர்கள் செஞ்சதுக்கத்தில் நடந்தார்கள். கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் மாண்டு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது, அதே சதுக்கத்தில் சீனப் பிரிவும் நடந்தது. மூன்றாம் நாட்டின் மேடையில் பழைய அணியின் உறுப்பினர்கள் இருவர் அன்று எதிரிகளாக நடந்தார்கள். அழைப்பை மறுக்க இந்தியாவுக்குக் காரணம் இருந்தது, மறுக்கவில்லை. ரஷ்ய ஆயுதங்களை நம்பியிருந்ததும் அதில் ஒரு பங்கு என்பது வெளிப்படை. பழைய உறவுக்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. ஈரான் வழியாகச் சோவியத் படைக்குப் பொருள் கொண்டுசென்ற பணிக்காக 1944இல் செந்நட்சத்திர விருது பெற்ற இந்தியர் இருவரில் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சுபேதார் நாராயண் ராவ் நிக்கம்.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு டாக்கா. 1971 டிசம்பர் 16 அன்று ரம்னா ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் கையெழுத்தான சரணாகதி ஆவணத்தில் ஜெனரல் அரோரா, கிழக்கு முனையின் இந்திய, வங்கதேசப் படைகளின் தளபதி என்ற பதவிப்பெயரில் கையொப்பமிட்டார். கூட்டுப்படை என்பது காகிதத்தில் தெளிவாக இருந்தது. ஆனால் வங்கதேசப் படையின் தலைமைத் தளபதி ஓஸ்மானி அங்கே இல்லை, துணைத் தளபதி கந்தகர்தான் இருந்தார். அந்தப் புகைப்படத்தில் இல்லாத ஒருவரின் இடம் ஐம்பதாண்டாக வங்கதேசத்தில் பேசப்படுகிறது. 2021 குடியரசு நாள் அணிவகுப்பில் வங்கதேசப் படையினர் தில்லியில் நடந்தார்கள். அந்த டிசம்பரில் குடியரசுத் தலைவர் கோவிந்த் டாக்காவின் வெற்றி நாள் அணிவகுப்பில் சிறப்பு விருந்தினர். மூன்றே ஆண்டில், வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனாவின் ஆட்சி வீழ்ந்த பின், 1971ஐ இந்திய வெற்றியாக மட்டும் வாழ்த்தியதற்கு டாக்காவில் அரசுப் பொறுப்பிலிருந்தவர்களே ஆட்சேபித்தார்கள். அந்தக் கசப்பிலும், ஆண்டுதோறும் இருநாட்டு முதிய போர்வீரர்கள் கொல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் போய்வரும் வழக்கம் 2024 டிசம்பரிலும் தொடர்ந்தது. தலைவர்கள் ஏறாத இடத்தில் வீரர்கள் ஏறினார்கள்.

வருகையும் புறக்கணிப்பும் எதைச் சாதித்தன?

போனால் உறவு வளரும் என்கிறார்கள் ஒரு சாரார், போகாவிட்டால் பாடம் கற்பார்கள் என்கிறார்கள் மறு சாரார். கிடைக்கும் சான்றுகள் இரண்டுக்கும் சாதகமாக இல்லை. 2005இல் ஏறக்குறைய எல்லாரும் போனார்கள், 2010இல் படையே நடந்தது. 2014இல் கிரிமியா போயிற்று. 2015இல் மேற்கத்தியத் தலைவர்கள் புறக்கணித்தார்கள், 2022இல் முழுப் படையெடுப்பு வந்தது. தென்கொரிய அதிபர் பார்க் கென்-ஹே 2015இல் அமெரிக்க மனத்தாங்கலையும் மீறிப் பெய்ஜிங் மேடையேறினார். மறு ஆண்டே ஏவுகணைத் தடுப்புக் கருவி விவகாரத்தில் சீனா பொருளாதார நெருக்கடி தந்தது. 2025இல் சியோல் அதிபரை அனுப்பாமல் நாடாளுமன்ற அவைத்தலைவரை அனுப்பியது. இரண்டு மூன்று நிகழ்வுகளை வைத்து விதி வகுக்க முடியாதுதான். ஆனால் இரு தரப்பும் பேசும் உறுதிக்கு இந்தப் பட்டியலில் ஆதாரம் இல்லை.

மாறாக, நிலைத்த பயன் தந்த எடுத்துக்காட்டு எதிரிகளிடையே கிடைக்கிறது. 1994 நார்மண்டி விழாவில் கோல் இல்லை. அதே ஆண்டு ஜூலை 14 அன்று ஜெர்மன் வீரர்கள் ஐரோப்பியப் படையின் பகுதியாகப் பாரிஸ் ஷான்ஸெலிசேயில் நடந்தார்கள். 2004இல் ஷ்ரோடர் நார்மண்டிக்கே வந்தார். அங்கே உறவு ஏற்கெனவே ஒப்பந்தங்களிலும் எல்லைகளிலும் உறுதியாகியிருந்தது. அணிவகுப்பு அதற்குப் பின்னால் வந்தது. உறவை அணிவகுப்பு உண்டாக்கவில்லை என்றே இதிலிருந்து தோன்றுகிறது.

இன்னும் தீராதவை

மேற்கண்டவற்றிலிருந்து நான் எச்சரிக்கையோடு எடுக்கும் முடிவு இது: அழைக்கும் அரசு அந்தப் படையைக் கொண்டே அண்டை நாட்டின் மீது போர் நடத்திக்கொண்டிருக்கும்போது, பழைய தோழமை மேடையேறுவதற்குப் போதிய காரணம் அல்ல. ஆனால் மேடையேற மறுப்பவர், இறந்தவர்களை நினைக்க வேறோர் இடத்தைக் காட்டியாக வேண்டும். 2019 நார்மண்டி விழாவுக்குப் புதினை அழைக்கவில்லை. 2024இல் ரஷ்யாவையே அழைக்கவில்லை, ஜெலென்ஸ்கி வந்தார். இந்த முடிவுகளை ஏற்கலாம். கிழக்கு முனையில் மாண்ட கோடிக்கணக்கானவர்களை அந்த விழாக்கள் எவ்வளவு நேரம் நினைத்தன என்பது வேறு கேள்வி. அதற்கு விழா நடத்தியவர்கள் நல்ல பதில் வைத்திருக்கவில்லை.

சிலவற்றுக்கு இன்னும் எந்தத் தரப்பிடமும் விடை இல்லை. 1995இன் தீர்வு முதிய போர்வீரர்கள் இருந்ததால் சாத்தியமானது. அவர்களில் கடைசி ஆள் மறையும்போது, படையை விட்டுவிட்டு நினைவுக்கு மட்டும் மரியாதை செய்ய என்ன வடிவம் மிஞ்சும்? போரில் ஒன்றாக மாண்ட படையின் வாரிசு நாடுகள் தங்களுக்குள் போரிடும்போது, வெளிநாட்டார் மலர்வளையத்தை எந்த நகரில் வைப்பது? சண்டைக்கு அழைக்கப்படாமல் சண்டைக்காக மாண்டவர்களுக்கு எந்த மேடையில் இடம்? சயாம்–பர்மா ரயில் பாதையில் ஜப்பானியப் படை வேலைவாங்கிச் சாகடித்த மலாயாத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர். வென்ற அணியின் எந்த நாடும் தன் அணிவகுப்பில் அவர்களுக்கென்று ஒரு வரிசை விட்டதில்லை. அந்த ரயில் பாதையில் இறந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தமிழர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெயர்ப் பட்டியலே இல்லை. நேச நாடுகள் ஒருவரையொருவர் அழைப்பது பற்றி எண்பதாண்டாக நடக்கும் விவாதத்தில் இவர்களை யார் அழைப்பது என்பது இன்னும் நிகழ்ச்சி நிரலில் ஏறவில்லை.